பச்சைக் கட்டத்துக்கு ஆசைப்பட்ட போர்மேன்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதில் போர்மேனாக இருக்கிறார் சீனிவாசகம். வயது நாற்பத்தாறு. ஒல்லியான ஆள். சட்டை, வேட்டி, கைக்குட்டை எல்லாம் பருத்தி. சட்டைப் பையில் பேனா வைக்க மாட்டார்; அதன் கிளிப் இரும்பு. இருபத்து நாலு வருஷ சர்வீஸில் அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒரு பொறி விழுந்தது கிடையாது. இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது அவரே சொல்லிவிடுவார், எதிரில் இருப்பவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரராக இருந்தாலும் சரி.

அவரிடம் இரண்டு திறமைகள் உண்டு. ஒன்று எச்சரிக்கை. மருந்து அடைக்கிற அறைக்கு நாலு பேர் என்றால் நாலே பேர்தான். ஐந்தாவது ஆள் தண்ணீர் கேட்டு எட்டிப் பார்த்தாலும் அவருக்குத் தொண்டை கட்டும் அளவுக்குச் சத்தம் போடுவார். இன்னொன்று, பதில் சொல்வது. பட்டாசுக் கம்பெனிக்கு ஆய்வு என்று வருகிற அதிகாரிகளுக்குக் குறைவே இல்லை. ஜீப்பிலிருந்து கையில் தாளும் பேனாவுமாக ஒருவர் இறங்கினால் மற்ற போர்மேன்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சீனிவாசகத்துக்கோ அப்போதுதான் முகம் தெளியும்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்” என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். “கேக்காததச் சொல்லப் போனா அதுல இருந்து ஒரு கேள்வி முளைக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா ஒன்பது முளைக்கும். ஆமா, இல்ல. ரெண்டு வார்த்த போதும்.”

இதில் வேடிக்கை என்னவென்றால், மறைப்பதற்கு அவரிடம் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. எல்லாமே சட்டப்படிதான் இருக்கும். இருந்தாலும் ஒளித்து வைத்தவர் மாதிரியே பதில் சொல்வார். அது அவருக்கு ஒரு பழக்கமாக, பழக்கத்துக்கு மேலே ஒரு ருசியாகவே ஆகிப்போயிருந்தது.

வீட்டிலும் அவர் போர்மேன்தான். கேஸ் சிலிண்டரை இரண்டு தடவை மூடுவார். தெருவுக்குப் போனவர் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் பார்ப்பார். கல்யாணம் முப்பத்தாறு வயதில்தான் அமைந்தது, நாற்பதில்தான் பிள்ளை. ஒரே மகள், பிரீத்திகா. அவள் நடக்க ஆரம்பித்த மாதம் வீட்டில் கூர்மையாக இருந்த மூலைகளுக்கெல்லாம் பழைய துணியைச் சுற்றி வைத்தார். மனைவி பாண்டிமீனா பிரஸ் ஒன்றில் காலண்டருக்குத் தகரப் பட்டி அடிக்கிற வேலை பார்க்கிறவள். அவளுக்கு இதையெல்லாம் பார்த்தால் சிரிப்பாணியாக வரும்.

“தாலி கட்டயிலயே முடிச்ச மூணு தடவ இழுத்துப் பாத்த ஆளுல்ல இவுக” என்பாள்.

இப்படிப்பட்ட ஆள் ஜீப்பே இல்லாமல் வந்த ஓர் ஆய்வில் மாட்டிக்கொண்டதுதான் கதை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனியில் பல் முகாம் நடந்தது. வந்தவர் டாக்டர் பெர்சிஸ். சிவகாசியில் சின்னதாகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர். அப்பா அம்மா இரண்டு பேருமே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள்; அதனாலோ என்னவோ, கேள்வி கேட்டால் பதில் வருகிற வரைக்கும் எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். சாப்பாட்டுக் கொட்டகையில் மேஜை போட்டு, கையில் அச்சடித்த பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாரத்தில் இருபது கேள்விகள். கடைசியில் மூன்று கட்டங்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. பல் சொத்தையாக வாய்ப்புக் குறைவு என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், அதிகம் என்றால் சிவப்பு.

தாள், பேனா, கேள்வி. நம் ஆட்களுக்கு இது போதாதா? வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் உடம்பு தன்னால் விறைத்துக்கொண்டது.

“இனிப்பு சாப்பிடுவீகளா?”

“இல்லைங்க.”

“ஒரு நாளைக்கு எத்தன தடவ பல்லு விளக்குவீக?”

“ரெண்டு தடவைங்க.”

“வெத்தல, பாக்கு, பொகையில?”

“கம்பெனிக்குள்ள அனுமதி கிடையாதுங்க.”

முப்பது பேர் முடிந்ததும் டாக்டர் பாரங்களை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தார். எல்லாம் ஒரே பிளேட்டில் அச்சடித்ததுபோல் இருந்தன. பாரத்தின்படி அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் இனிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் பாதிப் பேருக்குக் கடைவாய் கரியாக இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் கன்னத்தில் அடக்கியிருந்த கடலைமிட்டாயை அவசரமாக விழுங்கப் பார்த்துப் புரையேறி நின்றார்.

“யாரு சொல்லிக் கொடுத்தா இவுகளுக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

சீனிவாசகம் பெருமையை அடக்கிக்கொண்டு கொட்டகைக் கூரையைப் பார்த்தார். பிறகு அவர் முறை வந்தது.

“சீனி போட்ட டீ குடிப்பீகளா அண்ணாச்சி?”

“குடிப்பேன்.”

“எத்தன?”

அவர் யோசித்தார். அது இரண்டாவது கேள்வி. பாரத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருந்தது. “ஆறு” என்றார் வேறு வழியில்லாமல்.

“ஒண்ணா மொத்தமாவா, விட்டு விட்டா?”

“விட்டு விட்டுத்தான். ஆறையும் ஒண்ணாக் குடிக்க நான் என்ன டாக்டரம்மா குதிரையா?”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஒண்ணாக் குடிச்சிருந்தாக்கூடப் பல்லு பொழைச்சிருக்கும்” என்றார். “பல்லுல பூச்சி கீச்சி எதுவும் கிடையாது அண்ணாச்சி. வாயிலயே குடியிருக்கிற கிருமிதான். நாம திங்கிற இனிப்பத் தின்னுட்டு அது புளிப்பா ஒண்ண விடும். அந்தப் புளிப்பு பல்லக் கரைக்கும். நம்ம எச்சில் அதக் கழுவி, கரைஞ்சதக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பிக் கொடுக்கும். அதுக்கு அரை மணி நேரத்துக்கு மேல வேணும். அதுக்குள்ள அடுத்த டீய ஊத்துனா எச்சில் என்ன செய்யும்? அதான் எம்புட்டுத் திங்கிறீகங்கிறத விட எத்தன தடவைங்கிறதக் கேக்கேன்.”

அதோடு விடவில்லை. வேலை நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று அறையில் இருப்பவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வாய் காய்ந்தால் எச்சில் குறையும். சீனிவாசகம் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை இருக்கிற எச்சிலையும் கொஞ்சம் வற்ற வைக்கலாம். ஈறு இறங்கி இரண்டு பல்லில் வேர் தெரிகிறது. வேர் சீக்கிரம் கரையும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து டாக்டர் மஞ்சள் கட்டத்தில் டிக் அடித்தார்.

சீனிவாசகத்துக்கு முகம் செத்துப்போனது. மஞ்சளா? இருபத்து நாலு வருஷத்தில் எந்தத் தாளிலும் அவருக்குக் குறை என்று ஒரு வரி எழுதப்பட்டதில்லை.

“டாக்டரம்மா, வேணும்னா டீய நாலாக் குறைச்சிருதேன். பச்சையில போட்டுருங்க.”

“குறைச்சிட்டு வாங்க, போடுவோம்.”

“இன்னைக்குத் தேதியில இருந்தே குறைச்சாச்சு.”

“பல்லுக்குத் தெரியணும்ல அண்ணாச்சி, நீங்க குறைச்சது?” என்று பாரத்தை மடித்து வைத்தார் டாக்டர். “வீட்டுல பிள்ளைக இருக்கா? ஆறு வயசா? சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. அந்த வயசுலதான் பாக்கணும்.”

வீட்டில் பிரீத்திகா நாலைந்து நாளாக ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீர் குடித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பால்பல் தானே, விழுந்து முளைக்கும் என்று பாண்டிமீனா நினைத்திருந்தாள். சீனிவாசகம் அப்படி நினைக்கிற ஆளில்லை. ஆனால் அவர் முதலில் கவலைப்பட்டது பல்லைப் பற்றி அல்ல, பாரத்தைப் பற்றி.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மனைவியையும் மகளையும் எதிரில் உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார். டாக்டரின் மேஜையில் பார்த்த, பிள்ளைகளுக்கான பாரத்தின் கேள்விகளும் அவருக்கு மனப்பாடம்.

“பிள்ளைக்கு ராத்திரி பால் பாட்டில் கொடுக்கீகளா?”

“ஒண்ணரை வயசுலயே நிறுத்தியாச்சு” என்றாள் பாண்டிமீனா கொட்டாவியோடு.

“‘இல்ல’ன்னு மட்டும் சொல்லு. ஒண்ணரை, ரெண்டுன்னு கணக்கெல்லாம் கேக்காமச் சொல்லக் கூடாது.”

“பத்து மணி நேரம் நின்னு தகரம் அடிச்சிட்டு வந்திருக்கேன். எனக்கு எதுக்கு இப்பப் பரிச்சைங்கேன்?”

“பிரீத்தி, நீ சொல்லு. பல்லு எத்தன தடவ விளக்குவ?”

“காலையில ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு. பட்டாணி அளவு பேஸ்ட்டு. துப்பணும், முழுங்கக் கூடாது.”

அவருக்கு மனம் பூரித்தது. இதில் ஒன்றும் பொய் இல்லை. எல்லாம் அந்த வீட்டில் உண்மையாகவே நடப்பதுதான். பாண்டிமீனா சீனி டப்பாவை மேல் தட்டில் வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பிஸ்கட்டு கிடையாது, பாட்டில் ஜூஸ் கிடையாது. பச்சை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கேள்விகள் வந்தன, பதில்கள் அணிவகுத்துப் போயின. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் இனிப்பு? இல்லை. சிரப் மருந்து அடிக்கடி? இல்லை. ஆள் மாற்றி ஆள் ஒரே ஸ்பூன்? இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் பிள்ளையை நாற்காலியில் சாய்த்து டார்ச் அடித்தார்.

வலது பக்கம் ஒரு குறை இல்லை. இடது பக்கம் கீழே இரண்டு பால்பல் கருத்துக் குழி விழுந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஈறைக் கிழித்துக்கொண்டு புதிதாக ஒரு கடைவாய்ப் பல் எட்டிப் பார்த்தது. அதன் ஓரத்தில் சுண்ணாம்பு வைத்ததுபோல் ஒரு வெள்ளைத் திட்டு.

“இந்தப் பின்னால இருக்கிற பல்லத் தெரியுதா அண்ணாச்சி?” கண்ணாடியை வைத்துக் காட்டினார் டாக்டர். “எல்லாரும் இதப் பால்பல்லுன்னு நினைச்சு விட்டுருவாக. இது விழுந்து முளைக்கிற பல்லு இல்ல. ஆறு வயசுல வந்தா அறுபதுக்கும் இதேதான். இப்பத்தான் தலைய நீட்டுது, அதுக்குள்ள கரைய ஆரம்பிச்சிருச்சு.”

“ஓட்டையா?” என்றார் சீனிவாசகம்.

“இன்னும் விழல. இந்த வெள்ளைத் திட்டுதான் முதல் எச்சரிக்கை. காரணத்த இப்ப நிறுத்துனா அப்படியே நின்னுரும், இறுகவும் செய்யும். நிறுத்தலன்னா ஒரு வருசத்துல குழி. பால்பல்லு ரெண்டையும் நான் சரி பண்ணிருவேன். ஆனா காரணம் தெரியாம இதுமேல நான் என்ன பூசினாலும் வீண்.” பாரத்தைத் தட்டினார். “உங்க பேப்பரு பச்சைங்குது. பிள்ள வாயி சிவப்புங்குது. வாயி பொய் சொல்லாது. ஏதோ ஒண்ணு விட்டுப் போயிருக்கு.”

“நாங்க எதையும் மறைக்கல டாக்டரம்மா.”

“மறைச்சீகன்னு நான் சொல்லல. விட்டுப்போச்சுங்கேன்.” ஒரு வெள்ளை நோட்டை எடுத்துக் கொடுத்தார். “ஒரு வாரத்துக்குப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் என்னென்ன நடக்குதோ நேரம் போட்டு எழுதிட்டு வாங்க. அடுத்த சனிக்கிழமை பாப்போம்.”

அந்த ஒரு வாரமும் சீனிவாசகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அறுபது வயது வரைக்கும் இருக்க வேண்டிய பல் என்ற ஒரு வரியே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மகளுக்கு அறுபது ஆகும்போது நாம் இருக்கப் போவதில்லை, அப்போது அவள் பல்லை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் மனம் கண்ட இடத்துக்குப் போயிற்று. ஆனால் பதிவேட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. அவர் இல்லாத நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அழகுமீனாவிடம் கேட்டு எழுதினார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை அவள் வீட்டில்தான் இருக்கும். அப்படி ஒரு நோட்டை டாக்டர் தன் சர்வீஸிலேயே பார்த்திருக்க மாட்டார்.

‘செவ்வாய். 7.05: இட்லி இரண்டு, தேங்காய்ச் சட்டினி. 7.20: தண்ணீர் முக்கால் டம்ளர். 12.30: எலுமிச்சைச் சாதம் (மிச்சம் வைத்தது: நாலு கவளம்). 4.15: அவித்த கடலை ஒரு கை. 5.50: அப்பா வருகை. 6.30: அப்பா குளித்து முடித்தல். 7.45: அம்மா வருகை. 8.00: தோசை. 8.40: பல் விளக்குதல், துப்புதல்.’

அடுத்த சனிக்கிழமை டாக்டர் பெர்சிஸ் நோட்டைப் புரட்டப் புரட்ட அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. திரும்ப முதலிலிருந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

“அப்பா வருகை, அப்பா குளிச்சு முடிச்சது... இதையெல்லாம் எதுக்கு அண்ணாச்சி எழுதுனீக?”

“நடந்ததெல்லாம் எழுதச் சொன்னீகள்ல.”

“சரிதான். வந்ததுக்கும் குளிச்சு முடிச்சதுக்கும் நடுவுல தினம் நாப்பது நிமிசம். அந்த நாப்பது நிமிசத்துல பிள்ள எங்கன இருந்தான்னு இல்லையே? ஞாயித்துக்கிழமை மட்டும் இந்த இடைவெளியே இல்ல.”

டாக்டர் அவரை விட்டுவிட்டுப் பிள்ளை பக்கம் திரும்பினார். “பிரீத்திம்மா, அப்பா குளிக்கிறப்ப நீ என்ன பண்ணுவ?”

பிரீத்திகா அப்பாவைப் பார்த்தாள். ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வீட்டில் சொல்லிக் கொடுத்ததுதானே.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கல்கோனா மிட்டாய் வச்சிருப்பேன்” என்றாள்.

“எங்கன வச்சிருப்ப?”

அவள் விரலால் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பாண்டிமீனா மெல்லத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பாரமும் இதுவரை அச்சடிக்கப்படவில்லை.

“டாக்டரம்மா, அது... திங்கறதுக்குக் கொடுக்கல” என்றார் சீனிவாசகம்.

“பெறகு?”

“சேப்டிக்கு.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார், இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக.

பிள்ளைக்கு மூன்றரை வயது இருக்கும்போது ஒரு நாள் அவர் வேலை முடிந்து வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவர் வேட்டியெல்லாம் அலுமினியப் பவுடர். நிமிர்ந்தபோது அவள் கன்னமும் நெற்றியும் பளபளவென்று மின்னின. அதே கையால் கண்ணைத் தேய்த்தாள். இரண்டு நாள் கண் சிவந்து கிடந்தது. கண் டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் சீனிவாசகத்துக்கு அந்த இரண்டு நாளும் உயிர் உயிராக இல்லை. கம்பெனியில் ஆயிரம் பேர் மூச்சைக் காப்பாற்றுகிற ஆள் வீட்டுக்கு மருந்தைக் கொண்டுவந்து பிள்ளை கண்ணில் தேய்த்துவிட்டோமே என்று குமைந்தார். மூன்றாம் நாள் வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் தான் நடக்கிற வழியைப் பிரித்துச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அப்பா குளித்து, துணியைத் தனியாக அலசிக் காயப் போட்டு வருகிற வரைக்கும் பிள்ளை கோட்டைத் தாண்டக் கூடாது.

பிள்ளை கேட்குமா? அந்தப் பக்கம் நின்று கத்தியது. பகல் முழுக்கப் பார்க்காத அப்பா பத்தடி தூரத்தில் நிற்கிறார், தொடக் கூடாது என்றால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? அதற்குத்தான் மிட்டாய். அதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. திரி எத்தனை நொடி எரிகிறது என்று பார்த்துப் பழகிய ஆள் அல்லவா? ஆரஞ்சு மிட்டாயை வாயில் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்: நாலு நிமிஷம். எலுமிச்சை மிட்டாய்: ஏழு. கல்கோனாவை அவர் வாயில் போட்டது ஆறு மணிக்கு. ஆறரை தாண்டியும் கன்னத்தில் கல்லாக நின்றது. கடிக்கவும் முடியாது. அதுதான் சரி என்று முடிவு செய்தார். தொண்டையில் சிக்கிவிடக் கூடாது என்று அதற்கும் விதிமுறை வைத்தார்: உட்கார்ந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும், பேசக் கூடாது, இடது கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

“எதுக்கு இடது?” என்றார் டாக்டர்.

“ஏதோ ஒரு பக்கம்னு இருந்தாத்தான் ஒழுங்கு” என்றார் சீனிவாசகம் ஈனஸ்வரத்தில்.

“சீசன்ல?”

“சீசன்ல பவுடர் ஜாஸ்தி ஒட்டும். ரெண்டு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “நாப்பது நிமிசம் ஒரே இடத்துல வெல்லப்பாகு. வாரத்துக்கு ஆறு நாள். ரெண்டரை வருசம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பல் சொத்தைக்கு அவர் எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறார். இது அவருக்கும் புதிது. திட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பாண்டிமீனாதான் பேசினாள். “நான் சீனி டப்பாவக் கைக்கு எட்டாம மேல ஏத்தி வச்சேன் டாக்டரம்மா. இவுக கோடு போட்டு, மணி பாத்து, உக்கார வச்சு ஊட்டியிருக்காக.” சொல்லும்போது சிரித்தாள், சொல்லி முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கலையே மீனா” என்றார் அவர்.

தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது அவருக்கு. பாரத்தைக் கேட்டு வாங்கினார். ‘இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் இனிப்பு’ என்ற வரிக்கு எதிரில் இருந்த ‘இல்லை’யை ஒற்றைக் கோடு போட்டு அடித்தார். மேலே ‘உண்டு, தினமும். கொடுப்பது: தகப்பன்’ என்று எழுதி, பதிவேட்டில் திருத்தினால் போட வேண்டிய முறைப்படி பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட்டார். டாக்டர் சிவப்புக் கட்டத்தில் டிக் அடித்தார்.

“கொடுக்கிறத யாருன்னு எழுதச் சொல்லி எங்க பாரத்துல இடம் கிடையாது அண்ணாச்சி” என்றார் டாக்டர் மெதுவாக. “பிள்ளைக்கு மருந்து படக் கூடாதுன்னுதான செஞ்சீக? அதுல தப்பு ஒண்ணும் இல்ல. கோடு இருக்கட்டும். கல்கோனாவ மட்டும் எடுத்துருங்க.”

அடுத்த இரண்டு வாரத்தில் டாக்டர் பால்பல் ஒன்றை அடைத்தார். இன்னொன்றின் வேரைச் சுத்தம் செய்து, பல்லுக்கு மேல் உலோகத் தொப்பி மாட்டினார். புதுப் பல்லுக்குப் பூச்சு வைத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வெள்ளைத் திட்டு வளராமல் அப்படியே நின்றுவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை விஷயத்தில் வாசகரைக் காக்க வைப்பது பாவம். டாக்டர் சிவப்பை மஞ்சளாக மாற்றினார். சீனிவாசகம் பச்சை கேட்கவில்லை. டீ இரண்டாகக் குறைந்திருந்தது, கேட்டால்தான் சொன்னார்.

நான் சொல்ல வந்தது, கல்கோனா நின்ற முதல் திங்கட்கிழமையைப் பற்றி.

மிட்டாய் இல்லாமல் பிள்ளையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பது நிமிஷம் அழ விட அவருக்கு மனம் வரவில்லை. கம்பெனியிலேயே குளித்துவிடுவது என்று முடிவு செய்தார். அங்கே குழாயும் குளியல் கொட்டகையும் உண்டு. ஆனால் குளித்துக்கொண்டிருந்தால் ஐந்தேகால் வேன் போய்விடும் என்பதால் யாரும் கை கால் கழுவுவதோடு சரி. வேனை விட்டார். தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, நகத்திடுக்கு வரைக்கும் தேய்த்துக் குளித்தார். வேலைத்துணியை அலசிப் பிளாஸ்டிக் பையில் கட்டினார். மாற்றுத் துணி உடுத்திக்கொண்டு டவுன் பஸ் பிடித்தார். பஸ்ஸில் நின்றபடி, வாசலில் நுழைந்ததும் மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொள்ளப் போவதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவர் தெருவில் வருவதைப் பார்த்து அழகுமீனா பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்குள் நுழைந்தார். பிரீத்திகா ஓடி வரவில்லை. அழவும் இல்லை. அவரைப் பார்த்ததும் எழுந்து தானாகவே கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டாள். மிட்டாய் கூடக் கேட்கவில்லை.

“வா ஆத்தா” என்றார் அவர். “அப்பா குளிச்சிட்டேன்.”

அவள் அசையவில்லை. அவர் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை புறங்கை எல்லாம் திருப்பித் திருப்பிக் காட்டினார். கோட்டருகே போய் மண்டியிட்டுக் கையை நீட்டினார். அவள் எட்டி ஒற்றை விரலால் அவர் மணிக்கட்டைத் தொட்டாள். விரலைத் தன் கண்ணருகே கொண்டுபோய் ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்தாள். இன்னொரு தடவை தொட்டாள். திரும்பவும் விரலைப் பார்த்தாள்.

இத்தனை சாயங்காலமும் இந்தப் பிள்ளை மிட்டாய்க்காக உட்கார்ந்திருக்கவில்லை, அப்பா தொடக் கூடாதவர் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் சீனிவாசகத்துக்குப் புரிந்தது.

“எப்பவும் தொடலாமாப்பா, இன்னைக்கு மட்டுமா?” என்றாள் பிரீத்திகா.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் வாயில் வரவில்லை. கோட்டைத் தாண்டிப் போய் மகளைத் தூக்கிக்கொண்டார். பாண்டிமீனா வேலை முடிந்து வந்து விளக்கைப் போடுகிற வரைக்கும் இறக்கிவிடவில்லை.